நேரம் எங்க போவுதுன்னு எழுதி பாத்தேன், இப்ப என்ன பண்றதுன்னு சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வீடு கடலூர் மஞ்சக்குப்பம், வேலை பாண்டி மேட்டுப்பாளையத்துல, தினம் பஸ்லதான் போயிட்டு வரேன்.

யாராவது உனக்கு எது முக்கியம்னு கேட்டா யோசிக்காம அப்பா, பொண்ணுன்னு சொல்லுவேன். போன மாசம் ஒரு வாரம் முழுக்க நோட்டு போட்டு மணிக்கணக்கு எழுதினேன். வாரத்துக்கு 168 மணி நேரம், அதுல வேலையும் பஸ்ஸும் சேத்து 72, தூக்கம் 45, போன் மட்டும் 19 (பஸ்ல பாத்தத சேக்காமயே), அப்பா கூட உக்காந்து பேசினது ஒன்றரை மணி நேரம் கூட இல்ல. அத பாத்துட்டு ரொம்ப நேரம் அப்படியே உக்காந்துட்டேன்.

அப்பாவுக்கு சில்வர் பீச் போய் உக்காரணும்னு ஆசை. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் 4 மணிக்கே சட்டைய மாட்டிகிட்டு திண்ணையில இருப்பாரு, நான் தூங்கி எழுந்து வந்து அடுத்த வாரம் போலாம்பான்னு சொன்னா சரிப்பான்னு சட்டைய கழட்டி கொடியில போட்டுருவாரு, ஒரு வார்த்த கேக்க மாட்டாரு.

வேலைய விட முடியாது, லோன் இருக்கு. அரியாங்குப்பம் முருங்கப்பாக்கம் டிராபிக்க தாண்டி ராத்திரி வீடு வந்தா உடம்புல தெம்பு இல்லாம போனத்தான் கை தேடுது. இதே ரூட்ல வேலைக்கு போறவங்க யாராவது இத மாத்தியிருக்கீங்களா? ஷிப்ட் மாத்தி கேட்டீங்களா, பாண்டியிலயே வீடு பாத்தீங்களா? போன தள்ளி வைக்க ரெண்டு நாளைக்கு மேல நிலைச்ச வழி எதாவது இருந்தா சொல்லுங்க ப்ளீஸ்.