நடுக்குளிரில் கூட்டமாகக் கடலில் இறங்குவது தேவையா?

குளிர்பிரியன்: புத்தாண்டு அன்று குளிர்க்கடலில் கூட்டமாக முங்குவதைப் பைத்தியக்காரத்தனம் என்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார். கனடாவின் வான்கூவரில் 1920 முதல் நடக்கிறது. நியூயார்க்கின் கோனி ஐலண்ட் கடற்கரையில் இப்படி முங்குகிறவர்களின் கிளப் தொடங்கியது 1903இல். நூறு வருஷமாக ஜனங்கள் நடுங்கிக்கொண்டே சிரித்தபடி கரையேறுகிறார்கள். இதில் என்ன பைத்தியம்?

கரையோரம்: நூறு வருஷம் நடந்தால் சரியாகிவிடுமா? 15 டிகிரிக்குக் கீழான தண்ணீரில் சட்டென்று இறங்கினால் உடம்பு உங்களைக் கேட்டுக்கொண்டிருக்காது. தானாகவே திடுக்கென்று மூச்சை இழுக்கும். அப்போது முகம் தண்ணீருக்குள் இருந்தால் உள்ளே போவது கடல்நீர்தான். ரத்த அழுத்தமும் எகிறும். இதயக் கோளாறு இருப்பதே தெரியாமல் ஓடுகிறவர்களுக்கு யார் பொறுப்பு?

நீச்சல்காரி: அந்த அதிர்ச்சி ஓரிரு நிமிஷத்தில் அடங்கிவிடும், கரையோரம் சார். பழகியவர்கள் ஓடிக் குதிப்பதே இல்லை. முதலில் முழங்கால், அப்புறம் இடுப்பு. பிடரியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, மூச்சை நீளமாக வெளியே விட்டு, அது சீரான பிறகுதான் தோள்வரை. சில நிமிஷம் வீதம் ஐந்தாறு முறை இறங்கிப் பழகினாலே அதிர்ச்சி ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது.

கரையோரம்: அது வாராவாரம் இறங்குகிற உங்களுக்கு, அம்மா. நான் சொல்வது வருஷத்துக்கு ஒரு நாள், விசில் ஊதியதும் ஓடுகிறவர்களை. முன்னால் போகிறவன் குதித்தால் பின்னால் வருகிறவனும் குதிப்பான். அந்த நெரிசலில் எவன் நின்று பிடரியை நனைப்பான்?

குளிர்பிரியன்: தனியாகப் போய் மாட்டிக்கொள்வதைவிடக் கூட்டம் மேல். ஒருவர் தடுமாறினால் பத்துக் கை நீளும்.

கரையோரம்: தண்ணீருக்குள் நீளும், சரி. கரையேறியதும் அந்தப் பத்துக் கையும் செல்ஃபி எடுக்கும்! வெளியே வந்த பிறகும் உள்ளுடம்பின் சூடு கொஞ்ச நேரம் இறங்கிக்கொண்டேதான் இருக்கும்.

நீச்சல்காரி: இரண்டு நிமிஷ முழுக்குக்கு அது பெரிதாக வராது. நெடுநேரம் நீந்துகிறவர்களுக்குத்தான் தொல்லை. ஆனால் விரல் மரத்துப்போவது உண்மை. பட்டன் போட வராது, ஜிப்பைப் பிடிக்கவே முடியாது. அதனால் எங்கள் குழுவில் தலைவழியாக மாட்டும் தொளதொள கம்பளிச் சட்டைதான். துண்டு மேலே, அதற்கடியில் சட்டை, கடைசியில் காலுறை என்று போடும் வரிசையிலேயே அடுக்கி வைத்துவிட்டுத்தான் இறங்குவோம். வெந்நீர்க் குளியலுக்கு உடனே ஓடவும் மாட்டோம், மயக்கம் வரும். கரையோரம் சார் சொன்னதில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: அந்த விசிலை எடுத்துவிடலாம். அவரவர் வேகத்தில் இறங்கட்டும்.

குளிர்பிரியன்: விசில் இல்லை, ஓட்டம் இல்லை என்றால் யார் வருவார்கள்?

கரையோரம்: அப்படியானால் வருகிறவர்கள் கடலுக்காக வரவில்லை என்று நீங்களே சொல்கிறீர்கள்.