ஏழு மாத நடைக்கு அறுநூறு கிராம்: உடற்பயிற்சியால் எடை குறையுமா, குறையாதா?

அதிகாலை நடையாளர், கோவை:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 49, உயரம் 168 செ.மீ. பம்புசெட் தொழிற்சாலை ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாள்களில், காலை 5.15 மணிக்கு ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் இரண்டு சுற்று, அதாவது ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர், 55 நிமிடங்களில் நடந்துவிடுகிறேன். மழை நாள்களில் குடை பிடித்துக்கொண்டும் நடந்திருக்கிறேன். தொடங்கிய அன்று என் எடை 78.4 கிலோ; ஏழு மாதம் கழித்து நேற்றுக் காலையில் 77.8 கிலோ. "நடந்தால் எடை தானாகக் குறையும்" என்று மருத்துவர் சொன்னதை நம்பித்தான் தொடங்கினேன். நான் செய்வதில் தவறா, அல்லது அந்த வாக்கியமே தவறா என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன். நடையை நிறுத்திவிடலாமா என்ற எண்ணம் இந்த வாரத்தில் இரண்டு முறை வந்துவிட்டது.

உயிரியல் ஆசிரியர், நெல்லை:

ஐயா, உங்களிடம் தவறில்லை. அந்த வாக்கியம்தான் தவறு. உங்கள் எடையில் உள்ள ஒருவர் ஐந்து கிலோமீட்டர் நடந்தால், அந்த நேரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கக் கூடியதைக் கழித்தபின், கூடுதலாகச் செலவாவது 200 முதல் 220 கலோரிவரைதான். வாரத்துக்கு ஆறு நாள் என்றால் 1,320ஐத் தாண்டாது. ஒரு கிலோ கொழுப்பைக் கரைக்க ஏறத்தாழ 7,700 கலோரி வேண்டும். ஆகவே வேறு எதுவும் மாறாமல் இருந்தாலே ஒரு கிலோ குறைய ஆறு வாரமாகும். உங்கள் முப்பது வாரத்துக்கு ஐந்து கிலோ குறைந்திருக்க வேண்டும்.

ஆனால் வேறு எதுவும் மாறாமல் இருப்பதில்லை. டான்சானியாவின் வடபகுதியில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹட்ஸா மக்களை ஹெர்மன் பான்ட்சர் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு ஆராய்ந்து 2012இல் முடிவை வெளியிட்டது. எடை கூடிய ஐதரசன், ஆக்சிசன் அணுக்கள் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்து, அவை சிறுநீரில் எந்த வேகத்தில் குறைகின்றன என்பதைக் கொண்டு ஒருவரின் முழு நாள் ஆற்றல் செலவைக் கணக்கிடும் முறை அது. வாய்மொழியை நம்ப வேண்டியதில்லை. நாள் முழுவதும் காட்டில் நடக்கும் அந்த மக்கள் நம்மைவிட மிக அதிகமாகச் செலவழிப்பார்கள் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். உடல் அளவு வேறுபாட்டை ஈடுசெய்து பார்த்தபோது, அவர்களுடைய அன்றாடச் செலவும் மேலை நாட்டு நகரவாசிகளுடையதும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. உழைப்பு கூடும்போது உடல் வேறெங்கோ சிக்கனம் பிடிக்கிறது என்பதே பான்ட்சரின் விளக்கம். எடை குறைய வேண்டுமென்றால் தட்டைப் பாருங்கள், நடைபாதையை அல்ல.

ஓட்டப் பயிற்சியாளர், சேலம்:

ஆசிரியர் சொன்னதில் பாதி சரி; மீதிப் பாதி, நடந்துகொண்டிருக்கும் ஒரு மனிதரை வீட்டில் உட்கார வைக்கக் கூடியது என்பதால் உறுதியாக மறுக்கிறேன்.

உடல் சிக்கனம் பிடிக்கிறது என்பது உண்மையாக இருக்கட்டும். எவ்வளவு பிடிக்கிறது என்பதே கேள்வி. அதே நீர் முறையால் அளக்கப்பட்ட 1,754 பேரின் தரவுகளை வைத்து 2021இல் வெளியான ஆய்வில், கூடுதல் உழைப்பால் செலவாகும் ஒவ்வொரு நூறு கலோரியிலும் சராசரியாக 28ஐத்தான் உடல் திரும்பப் பிடித்துக்கொள்கிறது என்று கண்டார்கள். மீதி 72 உண்மையாகவே செலவாகிறது. அப்படியானால் கோவை நண்பருக்கு மூன்றரை கிலோவாவது குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை என்றால், அதை உடலின் மர்மம் என்று விட்டுவிடாமல் அன்றாட வாழ்க்கையில் தேட வேண்டும்.

உணவில் கை வைக்காமலே எடை குறைந்ததற்கும் சான்று உண்டு. அமெரிக்காவில் நடந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வில், பருமனான இளம் வயதினரை வாரத்துக்கு ஐந்து நாள், பத்து மாதம், கண்காணிப்பாளர் முன்னிலையில் பயிற்சி செய்ய வைத்தார்கள். ஒரு குழுவுக்கு ஒவ்வொரு முறையும் 400 கலோரி, இன்னொரு குழுவுக்கு 600 கலோரி செலவாக வேண்டும் என்பது நிபந்தனை. கடைசிவரை தாக்குப்பிடித்தவர்களில் முதல் குழு சராசரியாக 3.9 கிலோவும் இரண்டாம் குழு 5.2 கிலோவும் இழந்தன. நண்பருடைய நடை அந்தக் குறைந்த அளவிலும் பாதிதான். மருந்தின் அளவு போதாமல் இருப்பதற்கு மருந்தையே குறை சொல்லக் கூடாது.

மருத்துவமனை உணவியலாளர், மதுரை:

அண்ணா, தீர்ப்புச் சொல்வதற்கு முன் சில கேள்விகள் கேட்க அனுமதியுங்கள். நடை முடிந்த அரை மணி நேரத்துக்குள் என்ன சாப்பிடுகிறீர்கள்? உங்கள் வீட்டில் எத்தனை பேர், மாதத்துக்கு எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறீர்கள்? நடக்கத் தொடங்கியபின் நாளின் மற்ற நேரங்களில் ஏதாவது மாறியதா? இரவில் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள்? தைராய்டு பரிசோதனை செய்ததுண்டா? ஸ்டீராய்டு, மனநல மருந்து, இன்சுலின் போன்றவற்றில் ஏதேனும் எடுக்கிறீர்களா? இவற்றில் சில எடையைக் கூட்டக் கூடியவை. இடுப்பை நாடா வைத்து அளந்ததுண்டா?

இதில் ஒளிவு மறைவு வேண்டாம் என்பதற்காக ஒன்று சொல்கிறேன். எவ்வளவு கட்டுப்பாடாகச் சாப்பிட்டாலும் எடை குறையவில்லை என்று சொன்ன சிலரை நியூயார்க்கில் முறையாக அளந்து 1992இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களுடைய ஆற்றல் செலவில் குறை எதுவும் இல்லை. ஆனால் தாம் உண்டதை உண்மையைவிட 47 சதவீதம் குறைவாகவும், உழைத்ததை 51 சதவீதம் கூடுதலாகவும் எழுதியிருந்தார்கள். அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. கை நீட்டி எடுக்கும் முறுக்கும், தாளிக்கும்போது சாய்கிற எண்ணெயும் யாருடைய நினைவிலும் நிற்பதில்லை.

அதிகாலை நடையாளர், கோவை:

தங்கையே, உங்கள் கேள்விகளை வைத்துக்கொண்டு நேற்று இரவு மனைவியோடு உட்கார்ந்து பேசினேன். சிலவற்றை எழுதும்போதே எனக்கு விடை தெரியத் தொடங்கிவிட்டது.

நடை முடிந்ததும் நாங்கள் ஆறு பேர் வழக்கமான டீக்கடையில் கூடுவோம். சர்க்கரை போட்ட ஒரு டீ, சூடாக ஓர் உளுந்து வடை. நடக்கத் தொடங்குவதற்கு முன் இந்தப் பழக்கம் எனக்கு இல்லை. வீட்டுக்கு வந்தால், "அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறீர்களே" என்று மூன்றாவது தோசைக்குப் பின் நான்காவதும் விழும். முன்பெல்லாம் பேருந்தில் வேலைக்குப் போவேன். நிறுத்தத்திலிருந்து தொழிற்சாலைக்குப் பன்னிரண்டு நிமிட நடை, மாலையிலும் அப்படியே. இப்போது நடை, டீ, குளியல் எல்லாம் முடிய நேரமாகிவிடுவதால் ஸ்கூட்டரில் போகிறேன். மாலையில் காய்கறி வாங்க நடந்து போன நான், இப்போது களைப்பாக இருக்கிறது என்று சோபாவில் சாய்ந்துவிடுகிறேன். தூக்கம் ஆறு மணி நேரத்துக்கும் குறைவு. வீட்டில் நான்கு பேர். மாதத்துக்கு ஐந்து லிட்டர் டின் ஒன்று தீர்ந்துவிடும். தைராய்டு சரியாக உள்ளது. மருந்து எதுவும் இல்லை. இடுப்பு தொடக்கத்தில் 98 செ.மீ., இப்போது 94; பெல்ட்டில் ஒரு துளை உள்ளே போயிருக்கிறது. இதை நான் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

மருத்துவமனை உணவியலாளர், மதுரை:

அண்ணா, முதலில் டின்னைப் பார்ப்போம். ஐந்து லிட்டர் எண்ணெயின் எடை ஏறத்தாழ 4,600 கிராம். கிராமுக்கு 9 கலோரி என்றால் 41,400. நான்கு பேருக்கும் முப்பது நாளுக்கும் பங்கிட்டால், எண்ணெயிலிருந்து மட்டும் ஆளுக்கு நாளொன்றுக்கு 345 கலோரி. உங்கள் ஐந்து கிலோமீட்டர் அதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கைத்தான் ஈடுசெய்கிறது. டீயும் வடையும் சேர்ந்தால், வடையின் பருமனைப் பொறுத்து, காலை நடை அங்கேயே கணக்குத் தீர்ந்துவிடுகிறது. அதோடு தினமும் 24 நிமிட நடையை ஸ்கூட்டர் எடுத்துக்கொண்டது. இந்த நிலையிலும் எடை கூடாமல் சற்றுக் குறைந்திருப்பதும் இடுப்பில் நான்கு சென்டிமீட்டர் போயிருப்பதும் உங்கள் நடையால்தான் என்று நினைக்கிறேன். வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிப் படியும் கொழுப்பு, தராசு முள் அசையாதபோதும் உடற்பயிற்சியால் குறைவது பல ஆய்வுகளில் காணப்பட்டதே. நம் இந்திய உடலுக்கு ஆண்களில் 90 செ.மீ. இடுப்பு எல்லை என்பதால், நீங்கள் பார்க்க வேண்டிய எண் அதுதான்.

உயிரியல் ஆசிரியர், நெல்லை:

நான் சொன்னது இதைத்தான்: நடை பசியைக் கூட்டியது, ஓய்வைக் கூட்டியது, கணக்கு சமமாகிவிட்டது. மேற்கு வங்கத்துச் சணல் ஆலை ஒன்றின் தொழிலாளர்களை ழான் மேயர் என்ற ஊட்டச்சத்து அறிஞர் ஆராய்ந்து 1956இல் எழுதியதும் இதுவே. இலேசான வேலை செய்பவரிலிருந்து மூட்டை சுமப்பவர்வரை, வேலை கடுமையாகக் கடுமையாக உணவும் கூடியதே தவிர, எடையில் பெரிய வேறுபாடு இல்லை.

ஓட்டப் பயிற்சியாளர், சேலம்:

அந்த ஆய்வின் மறுபாதியையும் சொல்லுங்கள், ஐயா. அதே ஆலையில் நாள் முழுவதும் உட்கார்ந்தே இருந்த கடைக்காரர்களும் எழுத்தர்களும் இலேசான வேலை செய்தவர்களைவிடக் குறைவாகச் சாப்பிடவில்லை. கூடுதலாகச் சாப்பிட்டார்கள், எடையும் அவர்களுக்குத்தான் கூடுதல். உடல் அசையாமல் இருக்கும்போது பசியின் அளவுகோலே பழுதாகிவிடுகிறது என்பதுதான் மேயர் கண்டது. நம் நண்பரும் கணக்குப் பிரிவில் எட்டு மணி நேரம் நாற்காலியில் இருப்பவர். அவர் நடையை நிறுத்தினால் எந்தக் கூட்டத்தில் சேர்வார்?

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். பதிமூன்றரை கிலோவுக்கு மேல் குறைத்து ஓராண்டாவது அதைத் தக்கவைத்தவர்களுக்காக அமெரிக்காவில் 1994இல் தொடங்கிய பதிவேடு ஒன்று உண்டு. அதில் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் சராசரியாக நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்பவர்கள். உணவால் இறங்கிய எடை மறுபடி ஏறாமல் பிடித்து நிறுத்துவதில் உழைப்புக்குப் பெரும் பங்குண்டு.

சர்க்கரை எல்லைக்கோட்டில், சென்னை:

இடையில் வருவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட நீரிழிவுத் தடுப்பு ஆய்வை யாரும் சொல்லவில்லையே என்றுதான் எழுதுகிறேன். சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரில், வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் மூன்று ஆண்டுகளுக்குள் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. தினமும் விறுவிறுப்பாக நடந்து உணவையும் திருத்திக்கொண்டவர்களில் அது 39.3 சதவீதம். அவர்களுடைய எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை. என் மருத்துவர் இதைச் சொன்ன பிறகுதான் தராசில் ஏறுவதை மாதம் ஒரு முறை என்று வைத்துக்கொண்டேன்.

உயிரியல் ஆசிரியர், நெல்லை:

அந்த ஆய்வில் உணவுத் திருத்தமும் இருந்தது என்பதை மறக்க வேண்டாம். ஆயினும் அது என் கருத்துக்கே துணை நிற்கிறது. நடையின் பயன் ஒன்று, எடை குறைப்பது வேறொன்று. நடையை எடைக்கான மருந்தாகச் சொல்லித் தொடங்க வைப்பதால்தான், எடை குறையாத மாதத்தில் மனிதர்கள் சோர்ந்து நிறுத்திவிடுகிறார்கள். என் அண்ணன் அப்படித்தான் நிறுத்தினார். இரண்டு ஆண்டில் இரத்த அழுத்தத்துக்கு இரண்டு மாத்திரை. "நடங்கள், இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது, எடைக்குச் சாப்பாட்டைக் குறையுங்கள்" என்று மருத்துவர்கள் நேராகச் சொல்லட்டும். இதில் நான் இறங்கிவர மாட்டேன்.

ஓட்டப் பயிற்சியாளர், சேலம்:

உங்கள் அண்ணனுக்காக வருந்துகிறேன். ஆனால் "நடையால் எடை குறையாது" என்ற ஒரே வரியைக் காணொளியில் கேட்டுவிட்டு மைதானத்துக்கு வருவதையே நிறுத்தியவர்களை நான் ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறேன். "இந்த அளவு போதாது, வாரத்தில் இரண்டு நாள் தசைக்கும் பயிற்சி கொடுங்கள், வடையை விடுங்கள், அப்போது குறையும்" என்பதே முழு உண்மை. அதைப் பாதியாக நறுக்குவதை என்னால் ஏற்க முடியாது.

அதிகாலை நடையாளர், கோவை:

இருவருக்கும் நன்றி. நடையை நிறுத்தவில்லை. டீ தொடரும், சர்க்கரை இல்லாமல். வடை சனிக்கிழமை மட்டும். வாரத்தில் மூன்று நாள் ஸ்கூட்டரை வீட்டில் விட்டுப் பேருந்தில் போகப் போகிறேன். இன்று திறந்த எண்ணெய் டின்மேல் மனைவி தேதி எழுதி வைத்திருக்கிறார். ஐந்து லிட்டர் நாற்பத்தைந்து நாள் வர வேண்டும் என்பது அவர் வைத்த இலக்கு. மூன்று மாதம் கழித்து இடுப்பளவையும் மூன்று மாதச் சராசரி சர்க்கரைப் பரிசோதனை முடிவையும் இங்கே எழுதுகிறேன். தங்கையே, மனைவி ஒன்று கேட்கச் சொன்னார்: செக்கில் ஆட்டிய எண்ணெய்க்கு மாறினால் கலோரி குறையுமா?

மருத்துவமனை உணவியலாளர், மதுரை:

குறையாது, அண்ணா. செக்கு எண்ணெயானாலும், சுத்திகரித்த எண்ணெயானாலும், நெய்யில் உள்ள கொழுப்பானாலும் கிராமுக்கு 9 கலோரிதான். டின்னிலிருந்து நேராகச் சாய்க்காமல், தேக்கரண்டியால் அளந்து ஊற்றச் சொல்லுங்கள்.