முதியோர் நலக் கண்காணிப்பு: எந்தக் குறியீடுகளைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி:
முதியோர் பராமரிப்புக் குழு ஒன்றில் பணிபுரிகிறேன். இரத்த அழுத்தம், சர்க்கரை எனப் பல அளவுகளை மாதந்தோறும் பதிவேட்டில் எழுதுகிறோம். ஆனால் ஒருவர் தளர்ந்து வருவதை அவர் கீழே விழுந்த பிறகே அறிகிறோம். எவற்றை வைத்துக்கொள்வது, எவற்றை விடுவது?

மறுமொழி 1:
நீங்கள் நோயை அளக்கிறீர்கள், இயங்குதிறனை அளக்கவில்லை. கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து அமரச் சொல்லுங்கள். 14 விநாடிகளுக்குள் முடியவில்லையெனில் மேலும் ஆராய வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். மூன்று மாதங்களில் 3 கிலோவுக்கு மேல் தானாக எடை குறைந்ததா என்றும் கேளுங்கள்.

மறுமொழி 2:
ஏற்கிறேன்; ஆயினும் முழங்கால் வலி உள்ளவரிடம் அச்சோதனை வலியைத்தான் அளக்கும். குளித்தல், உடுத்துதல், கழிப்பறை செல்லுதல், படுக்கையிலிருந்து எழுதல், சிறுநீர் மலக் கட்டுப்பாடு, உண்ணுதல் ஆகிய ஆறையும் பார்க்கும் அளவுகோலை 1963-இல் அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்ஸ் குழுவினர் வெளியிட்டனர். அது தளர்ச்சியைத் தாமதமாகவே காட்டும் என்பதால், மருந்துகளைத் தாமே எடுத்துக்கொள்வது, பணக்கணக்கு பார்ப்பது ஆகியவற்றையும் சேருங்கள்; பெரும்பாலும் அவையே முதலில் தடுமாறும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. ஓராண்டாக ‘நடை: சரி’ என்று நாங்கள் எழுதிவரும் ஒருவர், கதவு நிலையைப் பிடிக்காமல் அறையைக் கடப்பதே இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.