அரிட்டாபட்டி போனவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மதுரை மாவட்டத்தில் அழகர்மலைக்கும் மேலூருக்கும் நடுவில் இருக்கிறது அரிட்டாபட்டி. ஊரைச் சுற்றி ஏழு குன்றுகள், பெரும்பாலும் மொட்டைப் பாறை. நானும் இரண்டு நண்பர்களும் அதில் கழிஞ்சமலையில் இருக்கும் தமிழிக் கல்வெட்டைப் பார்க்கத்தான் போனோம். தமிழி என்பது தமிழின் மிகப் பழைய எழுத்து. வழிகாட்ட வந்த பெரியவர் எங்களை முதலில் ஒரு பாறைப் பிளவுக்கு இழுத்துக்கொண்டு போனார். "எழுத்து எங்கயும் ஓடிப் போகாது தம்பி, மொதல்ல சுனையைப் பாருங்க" என்றார். கோடையிலும் அதில் தண்ணீர் கிடந்தது.

அங்கேயே உட்கார்ந்து ஊரின் நீர்க்கணக்கைச் சொன்னார். மழை பாறையில் தங்காது, வழிந்து ஓடிவிடும். கொஞ்சம் பிளவுகளில் இறங்கிச் சுனையாக ஊறும், மிச்சம் கண்மாய்க்கு வரும். ஒரு கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அந்தத் தண்ணீர் அடுத்த கண்மாய்க்கு. இப்படி இந்தப் பகுதியில் 72 ஏரி, கண்மாய்கள், 200 சுனைகள் என்று அரசே கணக்குச் சொல்கிறது. மலையை உடைத்தால் வயல் என்ன ஆகும் என்று அவரிடம் நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

அப்புறம்தான் கல்வெட்டு. சுமார் 2200 ஆண்டு பழமையானது. நெல்வேலியைச் சேர்ந்த சிழிவன் அதினன் வெளியன் என்பவர் கல்வெட்டு இருக்கும் அந்தக் குகையைக் கொடுத்த செய்தி அது. அதே மலையில் பிற்காலத்தில் செதுக்கிய சமணத் தீர்த்தங்கரர் சிற்பம் உண்டு. அதன் கீழ் வட்டெழுத்து என்ற பழைய எழுத்தில், அச்சணந்தி என்ற சமணத் துறவி செய்வித்த திருமேனி என்றும் அது பாதிரிக்குடியார் பாதுகாப்பில் இருப்பதாகவும் வருகிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்பே காவல் பொறுப்பை ஊராரிடம்தான் விட்டிருக்கிறார்கள். எனக்கு அன்றைக்குப் பார்த்ததிலேயே பெரிய விஷயமாகப் பட்டது அந்த ஒரு வரிதான்.

* * *

நான் போனது பறவைக்காக. லகர் வல்லூறு, ஷாகின் வல்லூறு, போனெல்லி கழுகு மூன்றும் இருக்கிற இடம் இது. மொத்தம் 250 வகைப் பறவைகள் வரை பதிவாகியிருக்கின்றன. பைனாகுலரை வைத்துக்கொண்டு வெகுநேரம் வானத்தைத் தேடியும் ஒன்றும் சிக்கவில்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அப்பத்தா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மேல பாக்காத ராசா, அந்தா அந்த இடுக்கப் பாரு, எச்சம் வெள்ளையா வழிஞ்சிருக்குல்ல" என்றார். அங்கேதான் உட்கார்ந்திருந்தது லகர். திறந்த வெளியில் வேட்டையாடும் பறவை. செங்குத்துப் பாறையும் பக்கத்தில் புல்வெளியும் ஒன்றாகக் கிடைக்கிற ஊர் அதற்கு லேசில் அமையாது. ஒரே ஒரு படம் எடுத்தேன், அதுவும் மங்கல்.

* * *

மலையைப் பற்றியே எல்லாரும் எழுதுகிறீர்கள். கோடையில் மேலூர்ப் பக்கம் மீன்பிடித் திருவிழாவுக்கு வந்து பாருங்கள். அறுவடை முடிந்து கண்மாயில் தண்ணீர் வற்றும்போது நடக்கும். சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் முன்கூட்டியே சொல்லி அனுப்புவார்கள். விடிவதற்குள் கரை முழுக்கச் சனம். ஊர்ப் பெரியவர் சாமி கும்பிட்டுவிட்டு வெள்ளைத் துண்டை வீசுவார். அதுவரை ஒருத்தரும் தண்ணீரில் கால் வைப்பதில்லை. வீசியதுதான் தாமதம், ஊத்தா, கச்சா, வலை, வெறும் வேட்டி என்று கையில் கிடைத்ததோடு மொத்தப் பேரும் இறங்கிவிடுவார்கள். கெண்டை, விரால், கெளுத்தி எல்லாம் மாட்டும். யாரிடமும் காசு வாங்குவதில்லை. பிடித்ததை விற்காமல் வீட்டில் குழம்பு வைக்க வேண்டும் என்பது வழக்கம். நான் ஒரு விராலைப் பிடித்தேன். பையில் போடுவதற்குள் துள்ளிப் பக்கத்துக்காரர் ஊத்தாவில் விழுந்தது. அவர் சிரித்துக்கொண்டே, "எங்க ஊர் மீன், எங்கிட்டயே வந்துருச்சு" என்று வைத்துக்கொண்டார்!

* * *

டங்ஸ்டன் என்ற உலோகத்துக்காகச் சுரங்கம் தோண்ட வந்த கதையை இன்னும் யாரும் தொடவில்லையே. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியில் 193 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். இரண்டு வருஷம் கழித்து, இந்த இடத்தையும் உள்ளடக்கி 2,000 ஹெக்டேருக்கு மேல் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போன செய்தி வந்தது. எனக்குச் சொந்த ஊர் மேலூர்ப் பக்கம். அந்த வாரங்களில் டீக்கடையில் வேறு பேச்சே இல்லை. கிராமசபைகளில் தீர்மானம் போட்டார்கள், மந்தையில் கூடினார்கள். டிசம்பர் 9-இல் சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7-ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு நடைப்பயணம். நானும் போனேன். எனக்கு முன்னால் நடந்த பெண்கள் அன்றைக்குக் கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள். "கண்மாய் போச்சுன்னா ஒரு நாள் கூலி எதுக்குண்ணே" என்று ஒருவர் சொன்னார். ஜனவரி 23-இல் ஏலத்தை ரத்து செய்வதாக மத்திய அரசு அறிவித்தது. பட்டாசுச் சத்தம் ராத்திரி வரைக்கும் ஓயவில்லை.

வெளியூர்க்காரர்கள் இதைப் "பாரம்பரியத்தைக் காத்த போராட்டம்" என்று எழுதுகிறார்கள். இருக்கட்டும். என்னோடு நடந்தவர்கள் வல்லூறையும் கல்வெட்டையும் விடத் தண்ணீரைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

* * *

முதலில் எழுதிய நண்பர் குடைவரையைப் பார்க்காமல் வந்துவிட்டார் போலிருக்கிறது! பாறையைக் குடைந்து எடுத்த சிவன் கோயில், எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. உள்ளே இருக்கும் லிங்கமும் அதே பாறைதான். சிவனின் ஒரு வடிவமாகக் கருதப்படும் லகுலீசர் சிற்பம் தமிழ்நாட்டில் அபூர்வம், இங்கே இருக்கிறது. உள்ளூர்க்காரர்களிடம் இடைச்சி மண்டபம் என்று கேட்டால்தான் சட்டென்று வழி சொல்வார்கள்.

போகிறவர்கள் வெயில் ஏறுவதற்குள் மலையைவிட்டு இறங்கிவிடுங்கள், பாறை சுடும். கல்வெட்டு தெரியவில்லை என்று யாரும் சாக்பீஸ் வைத்துத் தேய்க்க வேண்டாம். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தாலே எழுத்து தெரியும்.