800 டெஸ்ட் பாஸ் ஆகியும் கம்பைலர் தப்பா கணக்கு போடுது, எத்தனை டெஸ்ட் எழுதுனா நம்பலாம்?

குட்டிப்பார்சர்:
வணக்கம் நண்பர்களே, ஒரு வருஷமா வேலை முடிஞ்சு வந்து ராத்திரி உக்காந்து சின்னதா ஒரு ப்ரோக்ராமிங் மொழிக்கு கம்பைலர் (எழுதுன ப்ரோக்ராமை மெஷின் கோடா மாத்துறது) எழுதிட்டு இருக்கேன். 800 டெஸ்ட் இருக்கு, எல்லாம் பச்சை. போன வாரம் ஃப்ரெண்டு ஒருத்தன் அதுல வட்டி கணக்கு ப்ரோக்ராம் எழுதுனான், 14 வேரியபிள், நடுவுல ஒரு ஃபங்ஷன் கால், திரும்பி வந்து பாத்தா அசல் இருந்த இடத்துல சம்பந்தமே இல்லாத நம்பர். ரெண்டு ராத்திரி தேடி கண்டுபிடிச்சேன், ஃபங்ஷன் காலைத் தாண்டியும் மதிப்பு தங்குற ரெஜிஸ்டர் (ப்ராசசருக்குள்ள இருக்குற சின்ன சேமிப்பு இடம்) எல்லாம் நிரம்பிட்டா மிச்சத்தை ஃபங்ஷன் கால்ல அழியுற ரெஜிஸ்டர்ல வைக்கிறேன், அதை காலுக்கு முன்னாடி ஸ்டாக்ல (மெமரில ஃபங்ஷனுக்குனு ஒதுக்குற இடம்) சேவ் பண்ண விட்டுட்டேன். என் டெஸ்ட் எதுலயும் 4 வேரியபிளுக்கு மேல கிடையாது. இப்ப எதையுமே நம்ப முடியல. எத்தனை டெஸ்ட் எழுதுனா "இது சரி"னு சொல்லலாம்?

பழைய_சி_ஆளு:
எண்ணிக்கைல விடை கிடையாது தம்பி. ரெண்டு 32 பிட் நம்பரை கூட்டுறத மட்டும் எடுத்துக்கோங்க, 2 பவர் 64 ஜோடி, நொடிக்கு 100 கோடி பாத்தாலும் 580 வருஷத்துக்கு மேல ஆகும். இது ஒரு கூட்டலுக்கு. கம்பைலருக்கு இன்புட்டே ப்ரோக்ராம், அதுக்கு முடிவே இல்ல. இன்னொன்னு, கம்பைலர் எழுதுன அதே மூளைதான் டெஸ்ட்டும் எழுதிருக்கு, நீங்க யோசிக்காத இடத்தை உங்க டெஸ்ட்டும் யோசிக்காது.

செமிகோலன்:
அதனாலதான் ரேண்டமா ப்ரோக்ராம் உருவாக்கணும். யூட்டா பல்கலைக்கழகத்துல சிஸ்மித்னு ரேண்டமா சி ப்ரோக்ராம் உருவாக்குற டூல் ஒன்னு பண்ணாங்க, 2011ல பேப்பர் வந்துச்சு, சி கம்பைலர்கள்ல 325க்கு மேல பக் ரிப்போர்ட் பண்ணிருக்காங்க, நிறைய பேர் பயன்படுத்துற ஜிசிசி, எல்எல்விஎம் உட்பட. எது சரியான விடைனு அவங்களுக்கும் தெரியாது, ஒரே ப்ரோக்ராமை பல கம்பைலர்ல ஓட்டி எது தனியா நிக்குதுனு பாக்குறது, அவ்ளோதான். எல்லாமே ஒரே தப்பை பண்ணா மாட்டாது, அது இந்த முறையோட எல்லை. எனக்கு முக்கியமா பட்டது என்னன்னா அந்த ப்ரோக்ராம்களால கவரேஜ் (டெஸ்ட்ல கம்பைலர் கோடோட எவ்வளவு பகுதி ஓடுதுங்கற கணக்கு) பெருசா ஏறவே இல்ல, ஆனா பக் மாட்டுச்சு. ஒரு லைன் ஓடுச்சுங்கறது வேற, எந்த நிலைமைல ஓடுச்சுங்கறது வேற. உங்க ரெஜிஸ்டர் கோடும் தினமும் ஓடிட்டுதானே இருந்துச்சு?

குட்டிப்பார்சர்:
ஆமா, கவரேஜ்ல அந்த ஃபைல் முழுசா பச்சைதான். அப்ப டெஸ்ட்டை விட்டுட்டு கணித நிரூபணத்துக்குத்தான் போகணுமா?

ஸ்டாக்_ஓரம்:
காம்ப்செர்ட் பாருங்க, சேவியர் லெராய் குழு காக்ங்கற நிரூபண மென்பொருள்ல சரினு நிரூபிச்ச சி கம்பைலர். சிஸ்மித்காரங்க அதை 6 சிபியு வருஷம் (ஒரு ப்ராசசர் 6 வருஷம் ஓடுற அளவு வேலை) போட்டு அடிச்சும் நிரூபிச்ச நடுப்பகுதில தப்பான கோடு ஒன்னுகூட கிடைக்கல, நிரூபிக்காத பகுதியிலதான் மாட்டுச்சு. எனக்கு இதுல பெரிய மரியாதை உண்டு. ஆனா அதுலயும் ஒரு ஓட்டை வந்துச்சு, பவர்பிசிங்கற ப்ராசசர்ல ஸ்டாக் ஃப்ரேம் (ஒரு ஃபங்ஷனுக்கு ஸ்டாக்ல ஒதுக்குற பகுதி) ரொம்ப பெருசானப்ப 16 பிட்ல அடங்காத நம்பரை இன்ஸ்ட்ரக்ஷன்ல போட்டுடுச்சு. அந்த வரம்பை ப்ராசசர் மாடல்ல எழுதவே இல்ல, கடைசியா மெஷின் கோடா மாத்துற அசெம்ப்ளர் பாத்துக்கும்னு விட்ருந்தாங்க, நல்லவேளை அதுவும் பிடிச்சுருச்சு. நிரூபணம் நாம எழுதி வெச்ச விதிக்குத்தான் பொறுப்பு, எழுதாம விட்டதுக்கு இல்ல. தனியாளா நீங்க முதல்ல ரேண்டமா ப்ரோக்ராம் உருவாக்குற ஜெனரேட்டர் எழுதுங்க, வேரியபிள் 20, 30னு போகட்டும், ஆப்டிமைசேஷன் (கோடை வேகமாக்குற மாற்றம்) இல்லாம ஒரு தடவை, போட்டு ஒரு தடவை ஓட்டி விடையை ஒப்பிடுங்க.

குட்டிப்பார்சர்:
ரெண்டு நாள் கழிச்சு வர்றேன். ஜெனரேட்டர் 150 லைன்தான் வந்துச்சு, முதல் ராத்திரியே ஒன்னு மாட்டிருச்சு. 8ஆல வகுக்குறத ஆப்டிமைசர் ஷிஃப்ட்டா (பிட்டுகளை வலது பக்கம் தள்ளுறது) மாத்துது, -1ஐ 8ஆல வகுத்தா 0 வரணும், -1 வருது. வகுத்தலுக்கு மட்டும் 40 டெஸ்ட் வெச்சிருந்தேன், ஒன்னுலகூட மைனஸ் நம்பர் இல்ல. சரி பண்ணிட்டு மறுபடி ஓட விட்ருக்கேன்.