‘பிக் புட்சரிங்’ மோசடிக்குத் தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

கருங்கல்:

அன்பர்களுக்கு வணக்கம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் மகளிர் குழுக்களுக்கு கிரிப்டோ (இணைய நாணய) மோசடி பற்றி வகுப்பு எடுக்கிறேன். கையில் கொடுக்கிற நான்கு பக்கத் துண்டறிக்கை வெள்ளி காலையில் அச்சகத்துக்குப் போக வேண்டும்.

நாணயத்தை வெளியிட்டவர்களே முதலீட்டுப் பணத்தோடு ஓடிவிடும் ‘ரக் புல்’லுக்கு ‘சுருட்டல்’ என்று போட்டுவிட்டேன். பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிட்டான் என்று சீட்டுக் கம்பெனிக் காலத்திலிருந்தே சொல்கிறோம். 2021 அக்டோபர் கடைசியில் ஸ்க்விட் கேம் தொடரின் பெயரில் ஒரு நாணயம் வந்தது. நவம்பர் தொடக்கத்தில் 2,800 டாலருக்கு மேல் ஏறியது, வாங்கியவர்களால் விற்க முடியவில்லை, சில நிமிடங்களில் ஒன்றுமில்லாமல் போனது. அதற்கு இந்தச் சொல் சரியாக உட்காருகிறது.

சிக்கல் ‘பிக் புட்சரிங்’கில்தான். தெரியாத எண்ணிலிருந்து வாட்ஸ்அப் செய்தி: ‘டாக்டர், நாளைக்கு வரலாமா?’ நம்பர் மாறிப்போச்சு, மன்னிக்கணும் என்பார்கள். அப்புறம் தினமும் காலை வணக்கம், சாப்பிட்டாச்சா, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டாச்சா. வாரக்கணக்கில் பேச்சு, பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. பிறகு ஒருநாள், ‘என் மாமா கிரிப்டோவில் நல்லா சம்பாதிக்கிறார்’. பிளே ஸ்டோரில் இல்லாத ஒரு செயலிக்கு லிங்க் வரும். 5,000 போட்டால் திரையில் 6,200 காட்டும், அதை எடுக்கவும் விடுவார்கள். அந்த 6,200 வங்கிக் கணக்கில் வந்து விழுந்ததைப் பார்த்த பிறகுதான் நகை அடகுக்குப் போகிறது. இது முழுவதற்கும் ஒரே சொல் வேண்டும். கொழுக்க வைத்து வெட்டுவது என்ற கருத்தில் ஆங்கிலத்தில் சொல்வதை அப்படியே ‘பன்றி வெட்டு’ என்று அச்சடிக்க எனக்கு மனமில்லை.

தக்கலை:

டீச்சர், வள்ளுவரே சொல் கொடுத்திருக்கிறார். கூடாவொழுக்க அதிகாரத்தில் ‘தவமறைந்து அல்லவை செய்தல் புதல்மறைந்து வேட்டுவன் புள்சிமிழ்த் தற்று’. புதரில் மறைந்து பறவையைப் பிடிக்கிற வேலை சிமிழ்த்தல். நல்லவன் வேடத்தில் தீமை செய்வதற்கே வள்ளுவர் ஆண்ட உவமை, நம் காரியத்துக்கு இதைவிடப் பொருத்தம் கிடையாது. ‘சிமிழ்ப்பு’ என்போம், செய்பவன் சிமிழ்ப்பன், அகப்பட்டவர் சிமிழ்ப்புண்டவர். குங்குமச் சிமிழும் மூடி அடைப்பதுதானே, கண் சிமிட்டுவதும் மூடுவதுதான். ‘சிம்’ என்ற அடிக்கே ஒடுக்கம், அடைப்பு என்ற பொருள் இருந்திருக்கும் என்பது என் கருத்து. சிம்பு, சிமிறு எல்லாவற்றையும் சேர்த்துத் தனி மடலாக எழுதுகிறேன்.

இன்னொன்று, ‘மோசடி’யையும் விட வேண்டும். மோசம் வடமொழி வழி வந்தது. ‘ஏய்ப்பு’ இருக்கிறது.

மார்த்தாண்டம்:

தக்கலை சார், ‘ஏய்ப்பு’ என்றால் சனம் வரி ஏய்ப்பு என்றுதான் நினைக்கும். ‘வரி கட்டினால்தான் பணம் வரும்’ என்று வரியை வைத்தே ஏமாற்றுகிற மோசடியில் அந்தக் குழப்பம் ஆபத்து. வடசொல் பற்றி, ‘வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ எழுத்தொடு புணர்ந்த சொல்லாகும்மே’ என்று தொல்காப்பியரே வழி விட்டிருக்கிறார். மோசடியில் எந்த வடவெழுத்து இருக்கிறது?

களியக்காவிளை:

தொல்காப்பியம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த நூலைக் கேட்டுச் சரிபார்த்தவர் ‘அதங்கோட்டாசான்’ என்கிறது பனம்பாரனார் பாயிரம். அந்த அதங்கோடு எங்கள் பக்கத்து அதங்கோடுதான் என்பார்கள். ‘அரில்தபத் தெரிந்து’, அதாவது குற்றமறத் தெரிந்து சொன்ன இடம் இது. கலைச்சொல் விஷயத்தில் நம் குமரி மாவட்டத்துக்குக் கூடுதல் பொறுப்பு உண்டு என்று நினைக்கிறேன்.

குளச்சல்:

அண்ணாச்சிகளே, வகுப்புக்கு வரப்போவது எங்கள் கடற்கரைப் பெண்கள். வீட்டுக்காரர் வளைகுடாவில், மாதப் பணம் இவர்கள் கையில். அவர்களிடம் சிமிழ்ப்பு என்றால் விளங்காது. கரமடி என்று சொல்லிப் பாருங்கள். வலையைத் தூரத்தில் வளைத்துப் போட்டு, இரண்டு பக்கமும் கரையில் நின்று பைய இழுப்பார்கள். மீன் தண்ணீரில்தான் கிடக்கும், தாராளமாக நீந்தும், கரை நெருங்கும்போதுதான் மடிக்குள் கிடப்பது அதற்குத் தெரியும். ‘கரமடி மோசடி’, இயைபும் இருக்கிறது.

நாகர்கோவில்:

வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். கரமடி எனக்கும் பிடித்திருக்கிறது, ஆனால் தோவாளையில் பூக்கட்டுகிறவருக்கு அது என்ன? அதைவிட முக்கியம், அகப்பட்டவரை மீன் என்றோ பறவை என்றோ பன்றி என்றோ சொல்லாதீர்கள். ‘பிக் புட்சரிங்’ என்ற பெயரே சீனத்து ‘ஷா ஜூ பான்’ வழியாக மோசடிக்காரர்களிடமிருந்து வந்தது. இது பாதிக்கப்பட்டவர்களை இழிவுபடுத்துகிறது, வெட்கப்பட்டுப் புகார் கொடுக்காமல் இருக்கிறார்கள், கைவிடுங்கள் என்று சர்வதேசக் காவல் அமைப்பான இன்டர்போல் 2024 டிசம்பரில் கேட்டுக்கொண்டது. நாம் புதிதாகச் சொல் செய்யும்போது அதே தப்பை ஏன் செய்ய வேண்டும்? பணம் போனவர் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் போட்டு வாய்விட்டுச் சொல்லக்கூடிய சொல்லாக இருக்க வேண்டும், அதுவும் உடனே. நேரம் போகப்போகப் பணம் கணக்கு மாறி, கிரிப்டோவாகி, நாடு தாண்டிவிடும்.

‘அடுத்துக் கெடுப்பது, உறவாடிக் கெடுப்பது’ என்று நம் பாட்டிமார் சொல்வதுண்டே. ‘உறவாடி மோசடி’ என்று வையுங்கள்.

டீச்சர், துண்டறிக்கையில் இதைப் பெரிய எழுத்தில் போடுங்கள்: ‘வரி கட்டினால்தான் பணத்தை எடுக்கலாம்’ என்று செயலி கேட்டால் அது மோசடி. கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி என்பது 2022 ஏப்ரலிலிருந்து உண்மைதான், ஆனால் அதைக் கட்டுவது வருமான வரித் துறைக்கு. 1 சதவீத டிடிஎஸ் (முன்கூட்டிப் பிடிக்கிற வரி) விற்கும்போதே பிடித்துக்கொள்வது. இரண்டையும் தனியாக ஒரு கணக்குக்கு அனுப்பச் சொல்லி யாரும் கேட்க மாட்டார்கள். போன பணத்தை மீட்டுத் தருகிறோம் என்று கட்டணம் கேட்டு வருகிறவனும் திருடன்தான், பல நேரம் அதே கூட்டம்.

தக்கலை:

கருத்தை ஒப்புக்கொள்கிறேன், இலக்கணத்தை ஒப்புக்கொள்ள முடியாது. ‘உறவாடி’ வினையெச்சம், வினை கொண்டு முடிய வேண்டும். பெயரோடு எப்படிச் சேரும்? ‘உறவாடல் மோசடி’ என்றாவது சொல்லுங்கள்.

மார்த்தாண்டம்:

சார், கூத்தாடி, நாடோடி எல்லாம் எச்சமா? இகர விகுதி பெற்று வினைமுதலைக் குறிக்கிற பெயர்கள். அப்படியே உறவாடியும், உறவாடுகிற ஆள். ஆளுக்கும் செயலுக்கும் ஒரே சொல்லில் வழி கிடைத்துவிட்டது. ‘போனில் யாரு, உறவாடியா?’ என்று மகள் அம்மாவிடம் கேட்கலாம்.

குளச்சல்:

இது எங்கள் பெண்கள் வாயில் வரும். கரமடியை விளக்கத்தில் ஒரு வரி போட்டால் போதும், தலைப்பில் கேட்க மாட்டேன்.

தக்கலை:

நாடோடி வழக்கில் ஊறி நிலைத்தது. நேற்றுச் செய்த சொல்லுக்கு அந்தச் சலுகை கொடுக்கக் கூடாது. உறவாடுவது நல்ல சொல், சொந்தக்காரர் வீட்டுக்குப் போவதற்கும் அதுதான். அதைத் திருடன் பெயராக்குகிறோம். என் எதிர்ப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

கருங்கல்:

மணி பதினொன்று தாண்டிவிட்டது. மூன்று பேர் ‘உறவாடி மோசடி’ என்கிறீர்கள், களியக்காவிளை அண்ணாச்சி இன்னும் அதங்கோட்டை விட்டு வரவில்லை. இப்போதைக்கு அதையே போட்டு அனுப்புகிறேன். தக்கலை சார் சொன்ன ‘உறவாடல் மோசடி’யை அடைப்புக்குறிக்குள் ஒருமுறை தருகிறேன். வரி பற்றிய வரிகள் முதல் பக்கத்திலேயே வருகின்றன, 1930 கடைசிப் பக்கம் முழுக்க.

தக்கலை:

அடைப்புக்குறிக்குள் வேண்டாம் டீச்சர், இரண்டு சொல் பார்த்தால் படிக்கிறவர்கள் குழம்புவார்கள். உங்கள் சொல்லையே வையுங்கள். சிமிழ் பற்றிய மடல் நாளைக்கு வரும்.