502-ஐ மூன்றால் வகுக்கச் சொன்ன மேதைக்கு

எண்ணூர் அனல்: நேற்று வேறு இழையில் ஒருவர் எழுதியிருக்கிறார்: "230 கே.வி. லைனில் 200 மெகாவாட் போனால் 502 ஆம்பியர். கம்பி மூன்று, ஆகவே பேஸ் ஒன்றுக்கு 167." இதற்கு லைக் வேறு! 502 வந்ததே 200 மெகாவாட்டை 230 கே.வி.யாலும் மூன்று பேஸுக்கான ரூட் 3-ஆலும் வகுத்துத்தான். அப்புறம் எதற்கு இன்னொரு தடவை மூன்றால்?

வியாசை வோல்ட்: அந்த ஒருவர் நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம், தப்பில்லை. மொத்தக் கரண்ட் 502, மூன்று கம்பியும் பங்கு போட்டுக்கொள்ளும். 167. இதற்கு இன்ஜினியரிங் படிக்கத் தேவையில்லை.

எண்ணூர் அனல்: படிக்காததுதான் தெரிகிறதே. பேஸ் ஒன்றுக்கு 66.67 மெகாவாட். பேஸ் வோல்டேஜ், அதாவது 230-ஐ ரூட் 3-ஆல் வகுத்தது, 132.8 கே.வி. பவர் ஃபேக்டர் 1 (வோல்டேஜும் கரண்டும் ஒன்றாக ஏறி இறங்குகின்றன) என்று வைத்து வகுத்துப் பாருங்கள், அதே 502. ஒவ்வொரு கம்பியிலும் 502!

ராயபுரம் ரிலே: இரண்டு பேரும் தப்பு. பேஸ் கரண்ட் 290. டெல்டாவில், அதாவது முக்கோண இணைப்பில், லைன் கரண்டை ரூட் 3-ஆல் வகுக்க வேண்டும். டிப்ளமா பையனே சொல்வான்.

எண்ணூர் அனல்: அது டிரான்ஸ்ஃபார்மர் வைண்டிங்குக்கு ஐயா. டவரில் தொங்குகிற கம்பியில் டெல்டாவை எங்கே பார்த்தீர்கள்?

வியாசை வோல்ட்: மணலிப் பக்கம் டவரில் ஆறு கம்பி போகிறது. அப்போ அதற்கு என்ன சொல்வீர்கள்?

எண்ணூர் அனல்: டபுள் சர்க்யூட், மூன்று மூன்று கம்பியாக இரண்டு தனி லைன் என்று சொல்வேன். பேச்சை மாற்றாதீர்கள். உங்கள் பட்டறையில் 415 வோல்ட் மோட்டார் இருக்கிறதே, அதன் வயர் ஒவ்வொன்றிலும் டாங் டெஸ்டரை (வயரைச் சுற்றிக் கவ்விக் கரண்டை அளக்கும் மீட்டர்) மாட்டுங்கள். மூன்றிலும் முழு லைன் கரண்ட் காட்டும். பிறகு மூன்றையும் சேர்த்து உள்ளே விடுங்கள். கசிவு இல்லையென்றால் சைபர். மூன்று கரண்டும் 120 டிகிரி தள்ளித் தள்ளி ஓடுவதால் ஒன்றையொன்று அடித்துவிடும். உங்கள் "மொத்தக் கரண்ட்" எங்கே போயிற்று?

வியாசை வோல்ட்: சைபர் என்றால் மோட்டார் எப்படிச் சுற்றுகிறது, உங்கள் வாயாலா?

காசிமேடு கண்ணன்: அண்ணே, எங்கள் தெருவில் காலையிலிருந்து ஒரு பேஸ் இல்லை. யாராவது அதற்கு வழி சொல்லுங்கள்.

எண்ணூர் அனல்: தம்பி, புகார் கொடுங்கள். வியாசை, இன்வெர்ட்டர் இழையிலும் இதே மாதிரிதான் மல்லுக்கு நின்றீர்கள். சொல்லிக் கொடுத்தால் கோபம்.

வியாசை வோல்ட்: அங்கே ஓடிப்போனது நீங்கள். ஸ்க்ரீன்ஷாட் இருக்கிறது. 167.

எண்ணூர் அனல்: 502. மாட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

ராயபுரம் ரிலே: என் 290-க்கு யாரும் உருப்படியாகப் பதில் சொல்லவில்லை.